பிளக்கைப் பிடுங்கியாச்சு, அப்புறம் என்ன?

இந்த வருஷம் இது மூன்றாவது கேஸ். டிசைன் படிக்கும் பையன், வலது கையில் கட்டோடு என் டிவி ரிப்பேர் கடைக்கு வந்தான். பரணில் கிடந்த 14 இன்ச் இலவசக் கலர் டிவியைக் கழற்றியிருக்கிறான். பாட்டுக்கு ஏற்ப திரையில் கோடு நெளிய வேண்டும், அதுதான் ப்ராஜெக்ட். யோசனை அருமை. உள்ளே கை வைத்ததும் ஷாக் அடித்திருக்கிறது. ஷாக்கில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கையை வெடுக்கென்று இழுத்தபோது உள்ளே இருந்த தகரம் கிழித்து ஏழு தையல். பக்கத்திலேயே பிக்சர் ட்யூப்பின் (படம் தெரியும் பெரிய கண்ணாடிக் குழாய்) மெல்லிய கழுத்து. கை அதில் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

"சார், பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வைத்தேன்" என்றான். மூன்று பேரும் சொன்னது இதே வாக்கியம்.

தம்பி, மோட்டாரை நிறுத்தினால் மேல்தொட்டி காலியாகிவிடுமா? ட்யூப்பின் உள்பக்கம் ஒரு கரிப்பூச்சு, வெளிப்பக்கம் ஒரு கரிப்பூச்சு, நடுவில் கண்ணாடி. அதாவது ட்யூப்பே ஒரு பெரிய கண்டென்சர், கரண்டைப் பிடித்து வைக்கும் தொட்டி. டிவி ஓடும்போது அதில் ஏறுவது ஏறக்குறைய 20,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கினால் நிற்பது வீட்டுக் கரண்ட் மட்டும்தான். ட்யூப்பில் ஏறியது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அப்படியே இருக்கும். இன்னொன்று: ஒரு தடவை டிஸ்சார்ஜ் செய்தாலும், அதாவது ஏறியதை வெளியே இறக்கிவிட்டாலும், கண்ணாடியில் ஊறிய மிச்சம் சில நிமிஷத்தில் மறுபடி சுரக்கும். எங்கள் தொழிலில் இரண்டாவது தடவையும் டிஸ்சார்ஜ் செய்யாமல் ட்யூப்பைத் தொட மாட்டோம். பவர் சப்ளையில் இருக்கும் கண்டென்சர் தனி. அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

சரி, என்னதான் செய்வது? ட்யூப்பின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடிக்குள் விரலை விடாதே. மோதிரம், காப்பு கழற்று. தனியாக உட்காராதே. ஆம்ப்ளிஃபயர் வயரை ஓடுகிற டிவிக்குள் நேராகச் செருகாதே. பல டிவிகளில் சேஸிஸிலேயே, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்திலேயே, கரண்ட் இருக்கும். யூடியூப்பில் ஒருவர் ஸ்குரூடிரைவரால் 'டப்' என்று டிஸ்சார்ஜ் செய்வதைப் பார்த்துவிட்டு நீயும் இறங்காதே. எந்த ஊரிலும் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் மிச்சம் இருப்பார். அவரிடம் கொண்டுபோ, தயவுசெய்து. டீ வாங்கிக் கொடுத்தால் கூடவே உட்கார்ந்து சொல்லித்தருவார்.

கொரியாவில் பிறந்த கலைஞர் ஒருவர், பெயர் நாம் ஜூன் பைக் (Nam June Paik), 1965-ல் ஒரு கறுப்பு வெள்ளை டிவியின் தலையில் பெரிய காந்தத்தை வைத்தார். படம் வளைந்து நெளிந்து கோலமாகிவிட்டது. அந்த டிவி இன்று நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் இருக்கிறது. காந்தம் இருப்பது பெட்டிக்கு வெளியே, கவனி! (கலர் டிவியில் இதைச் செய்தால் நிறம் கறைபோல் தங்கிவிடும். அப்புறம் அதற்கும் என்னிடம்தான் வருவீர்கள்.)

பையனின் டிவி இப்போது என் மேஜையில். தையல் பிரித்ததும் வரச் சொல்லியிருக்கிறேன், அந்த வெள்ளிக் காப்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு.