பிரஷர் இறங்கிய பிறகும் பிடிபடும் கட்டி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குத் திடீரென்று தலைவலி, படபடப்பு, குப்பென்று வியர்வை. பி.பி. 200-ஐத் தாண்டுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. எந்த டெஸ்டில்தான் இது தெரியும்?"

பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். ஆனால் இவை சேர்ந்தே வந்துவந்து போனால், அதுவும் முகம் வெளிறினால், ஃபியோகுரோமோசைட்டோமா இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் வளரும் அரிய கட்டி அது. பள்ளியில் படித்த அதே அட்ரினலின், நார்அட்ரினலினை நேரங்காலம் இல்லாமல் ரத்தத்தில் கொட்டும்.

ஊர்ப்பக்கம் இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. தானாக அடங்கியதை மந்திரம் அடக்கியதாக நம்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அது பக்கவாதத்தில் முடியலாம் என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு கோபம்.

சரி, டெஸ்டுக்கு வருவோம். ரத்தத்தில் அட்ரினலினையே அளந்தால் பல நேரம் ஏமாந்துபோவோம். கொட்டிய சில நிமிடங்களில் அது காணாமல் போய்விடும். அதனால் செல்லுக்குள்ளேயே எட்டிப்பார்க்க வேண்டும். கட்டியின் செல்கள் அட்ரினலினை நுண்ணிய பைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. அந்தப் பைகள் எப்போதும் கொஞ்சம் கசியும். மேல்நிலைத் தொட்டியின் குழாயை யார் எப்போது திறப்பார்கள் என்று தெரியாது, ஆனால் சுவரில் ஈரம் ராத்திரி பகலாக ஊறுகிறது அல்லவா, அதுபோல. கசிந்ததில் பெரும்பகுதி பைக்குள் திரும்பிவிடும். தப்பியதை அதே செல்லில் இருக்கும் சி.ஓ.எம்.டி. என்ற நொதி பிடித்து, ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டி, மெட்டநெஃப்ரினாக மாற்றி வெளியே விடுகிறது. நார்அட்ரினலின் கசிந்தால் நார்மெட்டநெஃப்ரின். கட்டி கொட்டினாலும் சும்மா இருந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை. அதனால் அளக்க வேண்டியது மெட்டநெஃப்ரினைத்தான். இன்னொரு அழகு, பதற்றத்தில் நார்அட்ரினலினை விடும் பரிவு நரம்புகளுக்குள் இந்த நொதி கிடையாது. அதனால் வெறும் பதற்றத்தில் மெட்டநெஃப்ரின் அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

இந்த நொதியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஜூலியஸ் ஆக்செல்ராட். 1957-இல், இதே கட்டி உள்ளவர்களின் சிறுநீரில் மெத்தில் ஒட்டிய ஒரு பொருள் ஏராளமாக வருவதாக வெளியான சிறு குறிப்பைப் படித்துத்தான் அவர் தேடத் தொடங்கினார். 1970-இல் நோபல் பரிசு. ரத்த மெட்டநெஃப்ரின் பரிசோதனை 1990-களில்தான் உருவானது. 'இதனால் என்ன பயன்?' என்று முதல் நாளே கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி மறுப்பவர்கள் இந்த இடைவெளியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் முன் 20–30 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடி கொடுத்தால் அளவு பொய்யாக ஏறும். சில மனச்சோர்வு மாத்திரைகளும் ஏற்றும் என்பதால், சாப்பிடும் மருந்துகளை முன்பே சொல்லிவிடுங்கள். 24 மணி நேரச் சிறுநீரிலும் இதை அளக்கலாம். அளவு தெளிவாகக் கூடியிருந்தால் மட்டுமே சி.டி. ஸ்கேன். ஊசி குத்திச் சதை எடுக்கக் கூடாது, கட்டி மொத்தமாகக் கொட்டிவிடலாம்.

கட்டி உறுதியானால் மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். 1886-இல் ஜெர்மனியில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோயாளி 18 வயதுப் பெண். அவர் குடும்பத்தில் ரெட் (RET) என்ற மரபணுவின் கோளாறு ஓடுவது 2007-இல் தெரியவந்தது. அப்படிக் கோளாறு தெரிந்தால், நோயாளியின் கூடப்பிறந்தவர்களும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.