சண்டைக்கு வளர்க்கப்பட்ட நாயைத் தேற்றியெடுப்பது

கழுத்திலும் முன்னங்கால்களிலும் மிளகளவு துளைகள் நாலைந்து இருக்கும், ரத்தமும் நின்றிருக்கும். நாய்ச் சண்டையிலிருந்து மீட்ட நாயைப் பார்ப்பவர்கள் இதைச் சின்னக் காயம் என்று நினைத்துவிடுகிறார்கள். நாயின் தோல் தளர்வானது, பல் போகும் பக்கமெல்லாம் நகர்ந்து கொடுக்கும். அடியிலுள்ள தசை அப்படி நகராது. கவ்விய நாய் தலையை உலுக்கும்போது வெளித்துளை பெரிதாவதில்லை. உள்ளே தசை கிழிந்து, தோலிலிருந்து பிரிந்து, பொந்து விழுகிறது. ரத்த ஓட்டம் அறுந்த அந்தப் பொந்தில் எச்சிலோடு இறங்கிய பாஸ்டுரெல்லா, ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகள் பெருகி இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டும்.

ரத்தம் கொட்டாத நிலையில், கழுவுவதற்கு முன் ஒவ்வொரு காயத்தையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுக்க வேண்டும். கழுவினால் சாட்சியம் போய்விடும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் முதல் முறை சிக்கியவருக்கு 10 முதல் 50 ரூபாய்தான் அபராதம், வெட்கக்கேடான தொகை. நாய்க்கு ஊனம் நேர்ந்திருந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவையும் புகாரில் சேர்க்க வலியுறுத்துங்கள். அதில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

பிறகு காயத்தைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு முடியை மழித்து, நார்மல் சலைனால் கழுவ வேண்டும். சலைன் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. பல் பட்ட சிறுதுளை வழியாகத் தண்ணீரை உள்ளே பீய்ச்சினால் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும். எனவே உட்பக்கத்தைக் கழுவுவது மருத்துவர் வேலை. அவர் துளையைச் சற்று அகலப்படுத்தி, செத்த தசையை வெட்டியெடுத்து, கசிவு வெளியேற மெல்லிய ரப்பர் குழாய் வைப்பார். மூன்று முதல் ஐந்து நாளில் அதை எடுத்துவிடலாம். வெளித்துளையை மட்டும் தைத்து மூடுவது சீழை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். கழுத்தில் தடவும்போது தோலுக்கடியில் நறநறவென்றால் மூச்சுக்குழாய் கிழிந்து காற்று கசியலாம். ஈறு வெளுத்திருந்தாலும், அழுத்திவிட்ட ஈறு இரண்டு நொடிக்குள் சிவக்காவிட்டாலும் ரத்த ஓட்டம் குறைந்த அதிர்ச்சி நிலை (ஷாக்). இந்த இரண்டிலும் தாமதம் கூடாது. உள்ளூரில் வசதி இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

வலிக்கு வீட்டிலிருக்கும் இபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது; நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். சண்டை விடுபவர்கள் தாங்களே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுவதுண்டு. அதன்மேல் மெலாக்சிகம் போன்ற வலிமருந்து சேர்ந்தால் குடல் ஓட்டையாகலாம். ஸ்டீராய்டு போட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரக் காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. அதற்கு ஃபினாயில் ஊற்றும் பழக்கம் கொடுமையானது. புழுவோடு நல்ல தசையும் வெந்துபோகும், நஞ்சு உடம்பிலும் ஏறும்.

வெளியே தெரியாத இன்னொன்று பேபீசியா கிப்சோனி. வழக்கமாக உண்ணி பரப்பும் இந்த ரத்த ஒட்டுண்ணி, கடித்துக்கொள்ளும் நாய்களுக்கிடையே ரத்தம் வழியாக நேரடியாகவும் பரவும். ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் தப்பிவிடலாம், மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையில் பிடிபடும். அடோவாகோன், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துப் பத்து நாள் கொடுப்பது சிகிச்சை.

எலும்பு துருத்திய நாயைக் கண்டதும் ஒரு சட்டி கஞ்சி வைக்கத்தான் மனம் வரும். அந்தக் கஞ்சி உயிரையே எடுக்கலாம். நெடுநாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து சேரும்போது இன்சுலின் பாய்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. சிவப்பணுக்கள் உடைகின்றன, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. ஓய்விலிருக்கும் உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஆற்றல், கிலோவில் எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் வரும். 20 கிலோ நாய்க்கு 660 கலோரி. முதல் நாள் அதில் கால்வாசிதான், ஏறக்குறைய இரண்டு அவித்த முட்டை. அதையும் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முள் நீக்கி அவித்த சாளை மீனும் நல்லது. உப்பேறிய கருவாடு வேண்டாம். முழு அளவுக்கு வர ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

குணத்தை இந்த நாட்களில் எடைபோடக் கூடாது. வலியிலிருக்கும் நாய் யாரைப் பார்த்தும் உறுமும். மேலும், இன்னொரு நாயின்மேல் பாய்வதும் மனிதரைக் கடிப்பதும் வேறுவேறு நடத்தைகள். 2007இல் அமெரிக்காவில் கால்பந்து வீரர் மைக்கேல் விக்மீதான நாய்ச் சண்டை வழக்கில் மீட்கப்பட்டு ஆராயப்பட்ட 49 நாய்களில், மூர்க்கத்துக்காகக் கருணைக்கொலை செய்யப்பட்டது ஒன்றே ஒன்று. மீட்பவர்கள் மறக்கக் கூடாத எண்ணிக்கை இது.

கூண்டு இன்னொரு நாய் கண்ணில் படாதபடி இருக்க வேண்டும். முடைந்த தென்னோலைத் தடுப்பு பார்வையையும் மறைக்கும், காற்றையும் விடும்; தகரம் கொதிக்கும். வாய்மூடி கூடைபோல் இருக்கட்டும். வாயை இறுக்கும் நைலான் வகையில் நாயால் இரைக்க முடியாது. இந்தக் கடலோரப் புழுக்கத்தில் உடல்சூட்டைத் தணிக்க இரைப்பதுதான் அதற்கு முக்கிய வழி.

பழக்குவது தூரத்தில் தொடங்குகிறது. அமைதியான நாய் ஒன்றை முப்பது மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். நம் நாய் அதைப் பார்த்ததும் ஒரு துண்டு கோழி, பார்வையிலிருந்து அது மறைந்ததும் கோழியும் நிற்க வேண்டும். வரிசை மாறி, கோழி முன்னால் வந்தால், கோழியே எதிரி வரப்போகிறது என்ற அறிவிப்பாகிவிடும். நாய் தின்ன மறுத்தால் தூரம் போதவில்லை, பின்வாங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். மிரண்டுபோனால் ஓரிரு நாள் ஓய்வு கொடுங்கள். அடுத்தடுத்து வரும் அதிர்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும்.

இந்தப் பயிற்சி பழைய அச்சத்தை அழிப்பதில்லை. மூளையில் அச்சத்தைப் பதிந்துவைக்கும் அமிக்டலா பகுதியில் அது அப்படியே இருக்க, மூளையின் முன்புறப் பகுதி புதிதாகக் கற்றதை வைத்து அதை அடக்குகிறது. அதனால்தான் முற்றத்தில் சாதுவாக நின்ற நாய் மார்த்தாண்டம் சந்தைத் தெருவில் பாய்கிறது. கற்றதை நாலைந்து வெவ்வேறு இடங்களில் மறுபடி கற்பிக்க வேண்டும். கோயில் கொடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் வெடி வெடிக்கும் வாரங்களில் பயிற்சியை நிறுத்திவிடுவது நல்லது.

தத்துக் கொடுக்கும் வீட்டில் வேறு நாய் இருக்கக் கூடாது. ஆறடி மதிலும் இரட்டைக் கதவும் இருக்க வேண்டும். சங்கிலி இல்லாமல் தெருவுக்கு விடவே கூடாது. மீட்பவரும் தத்தெடுப்பவரும் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடி பட்டால் ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, முன்பே ஊசி போட்டிருந்தாலும் அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும்.