மாமா கடையில் பில் போட்டதும் அனுபவம்தான்

கல்லூரியில் பிளேஸ்மென்ட் வேலையையும் நான் பார்ப்பதால், ஜனவரி பிறந்தாலே மேஜையில் ரெஸ்யூம் குவிந்துவிடும். பெரும்பாலானவர்கள் சீனியரிடம் ஃபைலை வாங்கிப் பெயர், போன் நம்பர், மார்க் மட்டும் மாற்றியிருப்பார்கள் (அவசரத்தில் சீனியருடைய அப்பா பெயர் அப்படியே இருப்பதும் உண்டு).

அப்படி ஒரு பி.காம். மாணவர் வந்தார். "அனுபவம்னு எழுத ஒண்ணுமே இல்ல சார்" என்றார். சனி, ஞாயிறு என்னப்பா பண்ணுவே என்று கேட்டதற்கு, மாமாவோட ஹார்டுவேர் கடையில் இருப்பேன் என்றார். மேலும் கிளறினால், டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவது இவர், ஸ்டாக் சரிபார்ப்பது இவர், மாதாமாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டி கணக்கு) கெடுவுக்குள் விற்பனை பில்களைச் சரிபார்த்து ஆடிட்டருக்கு அனுப்புவதும் இவரேதான். "அதெல்லாம் வேலையா சார்?" என்று வேறு கேட்கிறார். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர் தேடுவதே அதைத்தானே! 'கடின உழைப்பாளி' என்ற வரியை அடித்துவிட்டு இதை அப்படியே எழுதச் சொன்னேன். இன்டர்வியூவில் பேசவும் விஷயம் கிடைத்துவிட்டது, ஏனென்றால் செய்ததைச் சொல்ல மனப்பாடம் தேவையில்லை.

என்ன வேலைக்குப் போகலாம் என்பதிலும் இதே குழப்பம்தான். ஐடி, பேங்க், கவர்மென்ட், இதைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டு வரச் சொல்வேன். பாதிப் பேர் மனம் மாறித் திரும்புவார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால் பட்டதாரிகளோடு ஊரே சேர்ந்து எழுதுகிறது. படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் எத்தனை வருடம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு உட்காருங்கள்.

அப்ரண்டிஸ் பயிற்சி இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்து பி.ஏ., பி.காம். மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் உண்டு, உதவித்தொகையோடு. மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) தளத்தில் பதிவு செய்யலாம்.

அப்புறம், ஆஃபர் லெட்டர் கம்பெனி மெயிலிலிருந்து இல்லாமல் ஏதோ ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து வந்து, லேப்டாப் டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ் என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள். அப்பா நகையை அடகு வைப்பதற்கு முன் அந்த லெட்டரை உங்கள் கல்லூரியில் யாரிடமாவது காட்டுங்கள்.