கரடிக்கு எடை எங்கிருந்து வந்தது?

சம்பா அறுவடை முடிந்த கையோடு பாபநாசம் பக்கத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி பிள்ளைகளுக்காகச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, 1967-இல் வந்த 'தி ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்தைப் போட்டோம். படம் முழுக்க இங்கிலீஷ். அப்பாயிக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கரடி ஆடியபோது சரியான இடத்தில் சிரித்தார். புலி முதன்முதலாக மானைப் பதுங்கிப் பதுங்கித் தொடர்ந்தபோது, அது வாயைத் திறக்கும் முன்னாலேயே, "இவன் பொல்லாதவன்டா" என்றார். யாரும் கதை சொல்லித் தரவில்லை. அப்படியானால் அவருக்கு எது புரிந்தது?

திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கார்ட்டூனில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு முறை காட்டுவதால், நொடிக்கு 12 ஓவியங்கள் போதும். கண்ணும் மூளையும் அவற்றைக் கோர்த்து அசைவாக்கிக்கொள்கின்றன. சரி, அசைவு வந்துவிட்டது. உயிர் எப்படி வந்தது?

நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் பாருங்கள். தலை நடுவில் வேகமாகக் கடக்கும். ஓரத்துக்குப் போகப் போக மெதுவாகி, ஒரு கணம் நின்று, திரும்பும். இதைப் படமாக வரைபவர், ஓரங்களில் ஓவியங்களை நெருக்கமாகவும் நடுவில் தள்ளித் தள்ளியும் போடவேண்டும். நாற்று நடுவதுபோல எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் போட்டால் தலை இயந்திரம் மாதிரி ஆடும். எடை என்று நாம் உணர்வது இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. கரடியின் கால் முதலில் தரையில் படுகிறது. அப்புறம் உடம்பு அமுங்குகிறது. வயிறு அதற்கும் பிந்தி வந்து குலுங்குகிறது. சில ஓவியங்கள் அளவுக்கான இந்தத் தாமதம் போதும், பென்சில் கோடு இருநூறு கிலோ ஆகிவிடும். (பென்சில் கோடு என்பது வெறும் பேச்சு இல்லை. அந்தக் காலத்தில் ஓவியரின் தாளையே ஒளிநகல் முறையில் கண்ணாடி போன்ற தாளுக்கு மாற்றினார்கள். அதனால் சில இடங்களில் அவர் கையின் சொரசொரப்பு அப்படியே தெரியும். எனக்கு அந்தக் கோடுகள் மிகவும் பிடிக்கும்.)

புலிக்கு வேறு கணக்கு. தலை ஆடாமல் நேராக வருகிறது. தோள்பட்டைகள் மட்டும் மாறி மாறி முதுகுக்கு மேல் எழும்புகின்றன. வாய்க்கால் கரையில் ஏறும் எருமையையும், வரப்பில் குருவியைக் குறிவைக்கும் பூனையையும் எண்பது வருடம் பார்த்த கண்ணுக்கு அந்த நடையைப் படிக்கத் தெரியும். 1973-இல் சுவீடனின் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் ஒரு சோதனை செய்தார். மனிதர்களின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை மட்டும் வைத்து இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். நின்றால் வெறும் புள்ளிகள். நகர்ந்த மறுகணமே, யாரோ நடக்கிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முகம் இல்லை, உடம்பு இல்லை, நடை மட்டும்தான்.

எண்ணத்தையும் நாம் அப்படியே படித்துவிடுகிறோம். 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகர்கிற சின்னப் படத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த உருவங்களை மனிதர்களைப் போலவே விவரித்தார்கள். பெரிய முக்கோணம் முரட்டு ஆளாகிவிட்டது. முக்கோணத்துக்கே இந்தக் கதி என்றால், புலியைக் கேட்கவா வேண்டும்!

இதற்கெல்லாம் மேலே பாட்டு. பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, எந்த அடி எத்தனையாவது படத்தில் விழுகிறது என்று அட்டவணை போட்டு, அதற்குப் பிறகுதான் ஆட்டத்தை வரைவார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், தட்டுக்கு 12 படங்கள். பன்னிரண்டாவது படத்தில் கால் தரையைத் தொட்டாகவேண்டும். பந்தநல்லூர் நட்டுவனார் தட்டுக்கழியைத் தட்டும்போது கால் விழுமே, அதே ஒழுங்கு. இந்த ஈர்ப்பு மிகச் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. 5 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைகள் பேச்சைவிடத் தாளத்துக்கே அதிகமாக உடம்பை ஆட்டுகிறார்கள் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அப்பாயி இளவயதில் நடவு வயலில் பாட்டெடுத்துக் கொடுத்தவர். பாட்டின் அடி விழுகிற இடத்தில் நாற்று சேற்றுக்குள் போகவேண்டும். அதுதான் அவர் பழகிய தாளம். அன்று ராத்திரி கரடி மறுபடி ஆடத் தொடங்கியபோது அவரைக் கவனித்தேன். கண் வேட்டியில் இருந்தது, வலது கை முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. கரடியின் கால் தரையில் பட்ட ஒவ்வொரு முறையும் அந்தக் கையும் முழங்காலில் பட்டது.