எஸ்.ஓ.பி-யை நீங்களே எழுதுங்கள்

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் எஸ்.ஓ.பி-யை, அதாவது இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் கட்டுரையை, படித்துத் திருத்தச் சொல்வது என் வேலை. போன வாரம் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் அனுப்பியதில் முதல் பத்தி ஒரு வார்த்தை பிசகாமல் அப்படியே இருந்தது. சிறு வயதிலிருந்தே எந்திரங்கள் மேல் தீராத ஆர்வம் என்று ஆரம்பித்து, அப்துல் கலாம் மேற்கோளோடு முடிகிற அதே பத்தி. ஒருவருக்கு சீனியர் கொடுத்தாராம், இன்னொருவருக்கு கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்தார்களாம். "அந்த அண்ணாவுக்கு சீட் கிடைச்சுதே சார்" என்கிறான். அவருக்குக் கிடைத்தது அவர் மதிப்பெண்ணுக்கும் ப்ராஜெக்ட்டுக்கும், தம்பி.

இது கண்டுபிடிக்கப்படாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். பிரிட்டனில் இளநிலைப் படிப்புகளுக்கான விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸ் அமைப்பு, 2007-இல் இதே மாதிரி விண்ணப்பத்தோடு வந்த சுமார் 50,000 கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் பைஜாமாவில் ஓட்டை விழும்படி எரித்துக்கொண்ட கதை மட்டும் 234 பேரிடம் இருந்தது! அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு கட்டுரையையும் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள், ஒத்துப்போனால் நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கே தகவல் போகும்.

இதைவிட என்னைச் சோர்வடையச் செய்வது, கடினமான ஆங்கிலம்தான் நல்ல எஸ்.ஓ.பி என்ற நம்பிக்கை. அகராதியைப் புரட்டி எடுத்த வார்த்தைகளை அடுக்கி, ஒரு வாக்கியத்தை ஆறு வரிக்கு இழுத்து எழுதுகிறார்கள். மொழித் திறமைக்குத்தான் ஐ.இ.எல்.டி.எஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் தனியாகக் கொடுக்கிறீர்களே! படிக்கும் பேராசிரியர் தேடுவது வேறு. இந்தப் பையனுக்கு இந்தப் பாடத்தில் எது புரிந்திருக்கிறது, எது புரியாமல் உறுத்துகிறது, அதற்கு எங்கள் படிப்பு ஏன் வேண்டும் என்பதுதான். ஆர்வம் இருக்கிறது என்று நீங்கள் பத்து முறை எழுதினாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் தெரியும்.

நாமக்கல் பக்கம் ஒரு மெக்கானிக்கல் மாணவர், அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. அவர் எழுதி வந்ததில் பட்டறை பற்றி ஒரு வரிகூட இல்லை, கேட்டால் "அதெல்லாம் போடலாமா சார்?" என்று தயங்குகிறார். பேச வைத்தபோது வெளியே வந்தது: ரிப்பேருக்குத் திரும்பி வரும் வண்டிகளில் வெல்டிங் விரிசல் பெரும்பாலும் ஒரே மூலையில் விழுவதைக் கவனித்து, எந்த வண்டி, என்ன லோடு, எத்தனை கிலோமீட்டர் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். கடைசி வருட ப்ராஜெக்ட்டில் அதையே கம்ப்யூட்டரில் மாதிரி செய்து பார்த்தால், விரிசல் வர வேண்டிய இடம் என்று அது காட்டியது வேறு மூலையை. ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் மேலே படிக்க வேண்டும் என்கிறார். இதைவிட என்ன எஸ்.ஓ.பி வேண்டும்? எளிய ஆங்கிலத்தில் அதையே எழுதச் சொன்னேன்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள், மார்க் ஷீட்டில் தெரியத்தான் போகிறது. காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள், அழ வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அனுப்பும்போது பழைய பெயரை மாற்றினீர்களா என்று பாருங்கள், இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. யூகாஸில் ஒரே கட்டுரைதான் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து படிப்புகளுக்கும் போகும், அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். 2026-இல் சேர்பவர்களிலிருந்து அது மூன்று கேள்விகளாகிவிட்டது: ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள், மொத்தம் இடைவெளியோடு சேர்த்து 4,000. பழைய மாதிரிகளைத் தூக்கிப் போடுங்கள்.

வேலைக்கு எழுதும் கடிதம் என்றால் அரைப் பக்கம் போதும். குழுவாக வேலை செய்வேன், கடின உழைப்பாளி என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவது. விளம்பரத்தில் கேட்ட இரண்டு வேலைகளை எங்கே, எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

சாட்ஜிபிடியில் இலக்கணம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், எழுத வைக்காதீர்கள். பெற்றோர்களே, கன்சல்டன்சியிடம் பணம் கட்டி எழுதி வாங்கித் தராதீர்கள், தயவுசெய்து. நேர்காணலில் அதிலிருந்தே கேள்வி வரும், அப்போது பதில் சொல்லப்போவது உங்கள் பிள்ளை.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டன் மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15 கடைசி நாள், அங்கே மாலை 6 என்றால் நமக்கு இரவு 10.30. செப்டம்பரிலேயே முதல் வரைவை முடித்து, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "இது நீ எழுதின மாதிரி இல்லையே" என்று அவர் சொன்னால், அந்தப் பத்தியை மறுபடி எழுத இன்னும் நாள் இருக்கும்.