மேக்குக்கு மணி பார்க்க மட்டும்தான் தெரியும்

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "சார், அக்காவுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி போட்டிருக்கிறேன். மேக்.கான்ஃப் கோப்பில் கம்பைலர் ஆப்ஷன்களை மாற்றிவிட்டு மறுபடி பில்ட்வேர்ல்டு கொடுத்தேன். முன்பு ராத்திரி முழுக்க ஓடியது, இந்தத் தடவை சட்டென்று முடிந்துவிட்டது. வேகத்திலும் மாற்றம் இல்லை. எங்கே கோளாறு?"

ஃப்ரீபிஎஸ்டி யூனிக்ஸ் வகை இயங்குதளம். அதன் அடிப்படை அமைப்பு முழுவதையும் மூல நிரலிலிருந்து மறுபடி உருவாக்கும் கட்டளை பில்ட்வேர்ல்டு, அதற்கான அமைப்புகள் இருக்கும் கோப்பு மேக்.கான்ஃப். கோளாறு அவர் கூடவே அனுப்பியிருக்கும் கட்டளை வரியில் இருக்கிறது: நோ-க்ளீன், அதாவது 'துடைக்காதே'. ஃப்ரீபிஎஸ்டியின் பழைய பதிப்புகளில் பில்ட்வேர்ல்டு சாதாரணமாகப் பழைய விளைவுகளைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். நடுவில் கரண்ட் போய் வேலை அறுந்ததால், விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று தம்பி இதைச் சேர்த்திருக்கிறார். ஆசை நியாயமானதுதான்.

சி மொழியில் எழுதிய மூலக்கோப்பைக் கம்பைலர் ஆப்ஜெக்ட் கோப்பாக்கும், லிங்கர் அவற்றைக் கோத்து நிரலாக்கும். இது பாடத்தில் உள்ளது. எந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்வது என்று முடிவெடுப்பது மேக் என்ற நிரல். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். யாக் என்ற பார்சர் உருவாக்கும் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் திட்டிக்கொண்டே ஃபெல்ட்மனின் அறைக்குள் வந்தாராம். பிழையைத் திருத்திவிட்டு, அந்தக் கோப்பைக் கம்பைல் செய்யாமல் விட்டதில், சரியாக இருந்த நிரலில் பிழை தேடியே ஒரு காலைப்பொழுது போயிருந்தது. அந்த எரிச்சலில் பிறந்த மேக்குக்காக ஃபெல்ட்மனுக்கு 2003-ல் ஏசிஎம் என்ற கணினியியலாளர் சங்கத்தின் மென்பொருள் விருது கிடைத்தது.

மேக் எந்த மூலக்கோப்பையும் திறந்து படிப்பதில்லை. கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் ஒப்பிடும். மூலக்கோப்பு புதிது, அதிலிருந்து வந்தது பழையது என்றால் மறுபடி செய்யும், இல்லையென்றால் தொடாது. மாறிய கோப்பைச் சார்ந்தவை மட்டுமே மறுபடி உருவாகும்: வெண்ணாற்றில் தண்ணீர் விட்டால் அதன் கிளை வாய்க்கால்கள்தான் நனையும், கல்லணைக் கால்வாய்ப் பக்கம் ஒரு சொட்டும் போகாது. ஆப்ஷனோ எந்த மூலக்கோப்பிலும் இல்லை, கம்பைலரை அழைக்கும் கட்டளையில் இருக்கிறது. அதை மாற்றினால் எந்த மூலக்கோப்பின் நேரமும் மாறாது. ஆகவே மேக்கின் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. (மதர்போர்டு பேட்டரி செத்து கடிகாரம் பின்னால் போனாலும் இதே குழப்பம்தான்.)

இதற்கு லினக்ஸ் கர்னல்காரர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில் ஆயிரக்கணக்கான ஆப்ஷன்கள். எல்லாம் சேர்ந்து ஒரே தலைப்புக்கோப்பாகி (ஹெடர்), ஒவ்வொரு சி கோப்புக்குள்ளும் போகின்றன. யாரோ ஒரு வெப்கேமரா டிரைவரை அணைத்தால் அந்தத் தலைப்புக்கோப்பின் நேரம் மாறும். மேக்கின் விதிப்படி கர்னல் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு ஆப்ஷன் பெயரிலும் ஒரு காலிக் கோப்பு வைக்கிறார்கள். உள்ளே ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆப்ஷன் மாறினால் அதன் காலிக் கோப்பின் நேரம் மட்டும் புதுப்பிக்கப்படும். ஃபிக்ஸ்டெப் என்ற குட்டி நிரல் ஒவ்வொரு மூலக்கோப்பையும் துழாவி, எந்தெந்த ஆப்ஷன் பெயர்கள் வருகின்றன என்று பொறுக்கி, பெரிய தலைப்புக்கோப்புக்குப் பதிலாக அந்தக் காலிக் கோப்புகளையே சார்புப் பட்டியலில் எழுதிவிடும். மணி பார்க்க மட்டும் தெரிந்தவனிடம் கேட்கவேண்டியதையெல்லாம் மணியாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்! கம்பைலர் கட்டளையையும் ஆப்ஜெக்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பில் எழுதிவைத்து, வரி மாறியிருக்கிறதா என்று அடுத்த தடவை ஒப்பிடுகிறார்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வேலையைச் செய்வது மெட்டா மோட் என்ற ஆப்ஷன். கோப்புகள் திறக்கப்படுவதைக் கவனிக்கும் ஃபைல்மான் என்ற கர்னல் மாட்யூலை ஏற்றிக்கொண்டால், கம்பைலர் உண்மையில் எந்தக் கோப்புகளைத் திறந்தது என்பதையும் அது குறித்துக்கொள்ளும். மெட்டா மோட் ஆப்ஷனை, பில்டுக்கான இன்னொரு அமைப்புக் கோப்பான எஸ்ஆர்சி.கான்ஃபில் போடக்கூடாது, எஸ்ஆர்சி-என்வி.கான்ஃபில் போடவேண்டும். பலர் இடறுவது இங்கேதான்.

இனி அவர் போட்ட ஆப்ஷன்கள். ஓ-3, கம்பைலர் நிரலை எவ்வளவு மேம்படுத்த வேண்டும் என்று சொல்லும் நிலைகளில் ஒன்று. கேட்டால், "அதுதான் வேகமாம் சார்." இது எலுமிச்சம்பழம் கட்டுவதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மேக்.கான்ஃப் கையேட்டுப் பக்கமே ஓ, ஓ-2 தவிர மற்ற நிலைகளுக்கு ஆதரவில்லை என்று சொல்கிறது. யாரும் படிப்பதில்லை. லேபில் மேக்ஃபைல் எழுத வைத்து மார்க் போடுகிறோம், ஒரு தடவையாவது கையேட்டைப் பிரித்துக் காட்டுகிறோமா? நேரம் மிச்சமாக வேண்டுமானால் எஸ்ஆர்சி.கான்ஃபில், ஃப்ரீபிஎஸ்டியின் கம்பைலரான கிளாங்கை விலக்கும் வரியைச் சேர்க்கலாம். பில்டில் பெரும்பங்கை விழுங்குவது அந்தக் கம்பைலரே. ஆனால் நிறுவிய பின் பழைய கோப்புகளை நீக்கும் டெலிட்-ஓல்டு கட்டளையைக் கொடுத்தால் அடிப்படை அமைப்பில் கம்பைலர் இருக்காது, யோசித்துச் செய்யுங்கள்.

தஞ்சாவூர் நண்பரின் புதுக் கணினியில் கம்பைல் செய்து கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார். தாராளமாக. ஆனால் மேக்.கான்ஃபில் எந்தச் சில்லுக்கு என்று சொல்லும் சிபியூடைப் வரியில் நேட்டிவ் (கம்பைல் செய்யும் கணினியே) என்று இருந்தால், கம்பைலர் நண்பரின் சில்லுக்கான ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் போட்டுவிடும். பழைய பென்டியம் வகைகள் பலவற்றில் ஏவிஎக்ஸ் கிடையாது. நிரல் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சொல்லிச் செத்துவிழும். அந்த வரியையே எடுத்துவிடுங்கள் தம்பி. இன்டெல், ஏஎம்டி 64 பிட் சில்லுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளைகளோடு பில்ட் ஆகும், அக்கா லேப்டாப்பிலும் ஓடும்.