பஃபிங் வீலுக்கு எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்

வீட்டில் கறுத்துக் கிடந்த பழைய பித்தளைக் காமாட்சி விளக்குக்கு நாமே பாலிஷ் போட்டால் என்ன என்று போன வருடம் இறங்கினேன். தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய 1 ஹெச்.பி. மோட்டார் ஒன்று காயலான் கடையில் கிடைத்தது, அதன் ஷாஃப்டில் பாலிஷ் போடுகிற 10 இன்ச் துணி வீலை, அதாவது பஃபிங் வீலை, மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டு விளக்கைக் கொண்டுபோய் வைத்ததுதான் தெரியும், கையிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்ததில் திரி போடுகிற மூக்கு வளைந்துபோனது. மோட்டார் மேல் குறை இல்லை. நேம் பிளேட்டில் ஹெச்.பி.யை மட்டும் படித்தது என் தப்பு.

அதே தகட்டில் 2880 ஆர்.பி.எம். என்றும் போட்டிருந்தது. 10 இன்ச் வீல் ஒரு சுற்று சுற்றினால் விளிம்பு சுமார் 80 செ.மீ. நகர்கிறது, நிமிடத்துக்கு 2880 சுற்று என்று பெருக்கிப் பாருங்கள், மணிக்கு 138 கி.மீ. வருகிறது! 8 இன்ச் வீலை 1440-இல் ஓட்டினால் 55தான். பாலிஷ் வேலையைச் செய்வது இந்த விளிம்பு வேகம். அது கிளப்பும் சூட்டில்தான் பாலிஷ் கட்டியின் மெழுகு இளகி, அதிலுள்ள நுண்பொடி உலோகத்தைச் சீவுகிறது. வேகம் போதாவிட்டால் கட்டி அப்பிக்கொள்ளும், அதிகமானால் மெல்லிய தகடு சுட்டு நிறம் மாறும், பிளாஸ்டிக் உருகியே விடும்.

சரி, கடையில் ஏன் 2880, 1440 என்று இந்த இரண்டு எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. அது காயிலில் ஒரு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இரண்டு துருவ மோட்டாரில் அந்தப் புலம் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும், நான்கு துருவத்தில் 1500. ரோட்டார், அதாவது உள்ளே ஷாஃப்டோடு சுற்றும் பகுதி, அதைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது, ஆனால் எட்டிப் பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்சாரம் தூண்டப்படாது, இழுவையும் போய்விடும், அதனால் முழுச் சுமையில் ஒரு நான்கு சதவீதம் பின்தங்கியே வரும். வேகத்தை முடிவு செய்வது அந்த 50 ஹெர்ட்ஸ்தான், ரெகுலேட்டர் அதை மாற்றாது; அதனால் ஃபேன் ரெகுலேட்டரை வைத்து இந்த மோட்டாரின் வேகத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். இழுவை போய், காயில் சூடாகி, கடைசியில் ரீவைண்டிங் கடைக்குத்தான் போகும். வேகம் மாற வேண்டுமா, புல்லியை மாற்றுங்கள்: மோட்டாரில் 3 இன்ச், வீல் பக்கம் 2 இன்ச் போட்டால் 1440 என்பது 2160 ஆகிவிடும்.

ஹெச்.பி. அப்புறம்தான். அரை ஹெச்.பி. மோட்டார் 1440-இல் ஓடினால், 8 இன்ச் வீலின் விளிம்பில் சுமார் இரண்டரைக் கிலோ இழுவையை நாள் முழுக்கத் தாங்கும். அதே அரை ஹெச்.பி. 2880-இல் என்றால் ஒன்றேகால் கிலோதான், சக்தி ஒன்றாக இருந்தால் வேகத்தில் கூடியதை இழுவையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விளக்கு, குண்டுச்சட்டி அளவு வேலைகளுக்கு அரை ஹெச்.பி. தாராளம் என்பது என் கணக்கு. 1 ஹெச்.பி. என்றால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும், அதோடு பொருள் சிக்கிக்கொண்டால் அது நிற்காது, வீசி எறியும்.

கிளம்பும்போதே அதிக இழுவை தரும், பெரிய கண்டென்சர் போட்ட ‘கெப்பாசிட்டர் ஸ்டார்ட்’ மோட்டாரே வேண்டும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பம்புக்கும் கம்ப்ரசருக்கும் அது சரி. பஃபிங் வீல் கிளம்பும்போது அதன் மேல் சுமையே கிடையாது, சுமை நாம் பொருளை வைத்த பிறகுதான். சாதாரண கண்டென்சர் மோட்டாரே எழுப்பிவிடும்.

பழைய மிக்ஸி மோட்டார் வேண்டாம். சும்மா ஓடும்போது தலைதெறிக்கும், அழுத்தினால் படுத்துவிடும், சில நிமிடத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. அதைவிட மோசம் அதன் திறந்த வாய்கள்: பஃபிங்கில் பறக்கிற பஞ்சும் மெழுகும் பித்தளைப் பொடியும் நேராக உள்ளே போகும், அங்கே கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டிருக்கும். முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். ஷாஃப்ட் நுனியில் மாட்டும் கூம்பு மரையில் வீலைத் திருகுவதானால், சுற்றச் சுற்ற இறுகும் திசையில் மரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது அரை ஹெச்.பி., 1440, 8 இன்ச் வீல். என் பக்கம் இறங்கி வருகிற விளிம்பில், ஷாஃப்ட் மட்டத்துக்குக் கீழேதான் பொருளை வைக்கிறேன், கையுறை போடுவதில்லை. பிடுங்கினாலும் கீழ்ப்பக்கமாகத்தான் போகும். வளைந்த மூக்கைப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். கறுப்பாக இருந்தவரை தெரியாத அந்தத் தட்டின தடம், பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரிகிறது.